13 வெற்றிகள்: தொகுதி மாறிய கலைஞரும் பாலாவை விடாத மாணியும்

சட்டமன்றத்துக்கு 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தவர் தமிழ்நாட்டில் மு. கருணாநிதி, கேரளத்தில் கேரள காங்கிரஸ் (எம்) கட்சித் தலைவர் கே.எம். மாணி. எண்ணிக்கை ஒன்றுதான், வழிதான் வேறு. குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று கலைஞர் ஏழு தொகுதிகளில் வென்றார். மாணியின் 13 வெற்றியும் பாலா என்ற ஒரே தொகுதியில்.

தொகுதி மாறுவதைச் சிலர் பயம் என்பார்கள். கலைஞர் விஷயத்தில் அது அநியாயமான பேச்சு. 1957இல் குளித்தலையில் வென்று சபைக்குள் போனதும் அவர் எழுப்பியது, தன் தொகுதியின் நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினை. அப்படித் தொடங்கியவர் 1969இல் முதல்வரான பின், மாநிலம் முழுவதற்குமான கணக்கில்தான் எடைபோடப்பட்டார். 1991இல் தி.மு.க. கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டபோதும் துறைமுகத்தில் அவர் கரையேறினார். ஆயிரம் வாக்குகூட வித்தியாசம் இல்லை. அந்தப் பதவியையும் உடனே ராஜினாமா செய்தார். 1983இல் ஈழத் தமிழர் பிரச்சினைக்காகவும் அப்படித்தான் எம்.எல்.ஏ. பதவியை உதறியிருந்தார்.

மாணியின் சோதனை வேறு மாதிரி. 1965இல் அவர் முதன்முதலில் வென்ற சபை, யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் கூடவேயில்லை. பிறகு அரை நூற்றாண்டு, அதே ஊர்க்காரர்களிடம் ஒவ்வொரு முறையும் போய் நிற்க வேண்டியிருந்தது. போன முறை என்ன சொன்னாய் என்று கேட்க ஆள் இருக்கும் இடம் அது. நிதியமைச்சராக 13 பட்ஜெட் போட்டார். சிகிச்சைச் செலவுக்கு உதவும் காருண்யா லாட்டரி அவர் காலத்தில் வந்தது. மதுக்கூட (பார்) உரிமையாளர்களிடம் லஞ்சம் வாங்கினார் என்ற புகாரில் 2015இல் பதவி விலகியவரை 2016இல் பாலா மறுபடி தேர்ந்தெடுத்தது. வித்தியாசம் ஐந்தாயிரத்துக்கும் கீழே. அந்த வெற்றி புகாரைத் துடைத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்த வாக்காளர்கள் போட்ட ஓட்டு அது.

எம்.எல்.ஏ. என்ற வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் மாணியின் பாதைதான் கடினம் என்பேன். மகாராஷ்டிரத்தின் கண்பத்ராவ் தேஷ்முக் சாங்கோலாவில் 11 முறை வென்றார், நடுவில் தோற்றும் இருக்கிறார். தோற்ற இடத்திலேயே திரும்ப நின்று ஜெயித்ததால் அவர்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடுதல்.

ஆனால் ஆள் போன பிறகு கணக்கு மாறுகிறது. 2019 இடைத்தேர்தலில், கலைஞர் விட்டுச்சென்ற திருவாரூரை தி.மு.க. பெரிய வித்தியாசத்தில் தக்கவைத்தது. அதே ஆண்டு பாலாவில், மாணியிடம் மூன்று முறை தோற்ற மாணி சி. காப்பன் ஜெயித்தார். 2021இல் மாணியின் மகன் ஜோஸ் கே. மாணி நின்றும் அது திரும்பக் கிடைக்கவில்லை. திருவாரூர்க்காரர்களுக்குக் கட்சி இருந்தது. பாலாக்காரர்கள் அத்தனை காலமும் ஓட்டுப் போட்டது மாணி என்ற ஒரு மனிதருக்கு.