பழைய டிஐ-84 பிளஸ் ஜிசி: எட்டு வருடம், மூன்று பேர்

2017-இல் சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சீருடை, விரிவுரைக் குறிப்புகளுக்கான காசு எல்லாம் போகக் கடைசி வரியில் கிராஃபிங் கால்குலேட்டர், சுருக்கமாக ஜிசி. எச்2 கணிதம் (மேல்நிலைத் தேர்வுக்கான முழு அளவுக் கணிதப் பாடம்) எடுத்தால் ஜிசி இல்லாமல் முடியாது, மேல்நிலைத் தேர்வில் எல்லார் கையிலும் அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கேள்வியே போடுகிறார்கள். கடையில் கேட்டால் புதிதுக்கு 150 வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் சொன்னார்கள். அப்பாவிடம் கேட்டிருந்தால் வாங்கித் தந்திருப்பார், ஆனால் அந்த மாதம் வீட்டில் ஏற்கெனவே நிறைய செலவு, அதனால் பழையதாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்படி இரண்டாவதாக வாங்கிய டிஐ-84 பிளஸ் (டிஐ என்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம்) இன்றும் ஓடுகிறது. எனக்கு அப்புறம் தம்பி, இப்போது சித்தி மகள்.

முதலில் வாங்கியது வீணாய்ப் போனது, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் 45 வெள்ளிக்குப் பார்த்தேன், பிடோக் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்து வாங்கினேன். திரை எரிந்தது, 2 கூட்டல் 2 போட்டால் 4 வந்தது, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாளில் அணைந்து போனது. பின்பக்க மூடியைக் கழற்றினால் பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பேட்டரியைக் கழற்றாமலே பல காலம் உள்ளே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம் என்பதால் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போகும் என்று படித்துவிட்டுத் துடைத்தேன், பொருக்கு போனது, ஆனால் அரித்துப்போன ஸ்பிரிங்கும் அதோடு உடைந்துவிட்டது. விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. பகுதி நேர வேலையில் சேர்த்த காசு அது, ரொம்ப வருத்தமாக இருந்தது.

இரண்டாவதை எங்கள் கல்லூரியிலேயே படித்து முடித்த ஒரு அக்காவிடம் 70 வெள்ளிக்கு வாங்கினேன். இந்த முறை உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் எல்லாவற்றையும் பார்த்தேன், அவரும் பொறுமையாகக் காட்டினார். முதலில் பின்மூடி. இதற்கு நான்கு டிரிபிள் ஏ பேட்டரி, நான்கு இடத்திலும் உலோகம் பளபளவென்று இருக்க வேண்டும். அடுத்தது திரை. செகண்ட் (2nd) பொத்தானைத் தட்டிவிட்டு மேல் அம்பை அழுத்திப் பிடித்தால் திரை கருத்துக்கொண்டே போகும், முழுக்க கருத்த பிறகு எங்காவது ஒரு வரிசை வெள்ளையாகவே நின்றால் அதை வாங்க வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். முக்கியமாக என்டர், செகண்ட், நான்கு அம்புகள். அதிகம் அடிபடுவது இவைதான்.

செகண்ட், கூட்டல் குறி, 1 என்று அழுத்தினால் ஓஎஸ் (இயங்குதளம்) எந்தப் பதிப்பு என்று தெரியும். 2.55எம்பி இருந்தால் நல்லது. பின்னங்களையும் தொகையீட்டுக் குறியையும் புத்தகத்தில் இருப்பதுபோலவே காட்டும். நார்மல் பரவலுக்குப் போனால் கீழ் எல்லை, மேல் எல்லை, சராசரி, சிக்மா (திட்ட விலக்கம்) என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பழைய பதிப்பில் எதற்கு அடுத்து எது என்று நாமே நினைவு வைத்துக் காற்புள்ளி போட்டு அடிக்க வேண்டும். பழைய பதிப்பு என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, மினி யுஎஸ்பி கேபிள் இருந்தால் கணினியில் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பலர் பார்க்க மறப்பது ஆப்ஸ் பொத்தானை. சிங்கப்பூரில் எச்2 படிப்பவர்களுக்கு 'பாலிஸ்மல்ட் 2' என்கிற செயலி கண்டிப்பாக வேண்டும் (திரையில் உயிரெழுத்துகளை விழுங்கிச் சுருக்கமாகத்தான் தெரியும்). முப்படிச் சமன்பாட்டின் மூலங்கள், மூன்று மாறிகள் உள்ள சமன்பாடுகள், வெக்டர் பாடத்தில் மூன்று தளங்கள் எங்கே வெட்டுகின்றன என்பது, எல்லாவற்றுக்கும் அதைத்தான் திறப்போம். யாராவது ரீசெட் செய்யும்போது 'ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் செயலிகளும் சேர்ந்து அழிந்திருக்கும். அதனால் பயப்பட வேண்டாம், வகுப்பில் இன்னொருவரிடம் இருந்தால் இரண்டு ஜிசியையும் கேபிளால் இணைத்து லிங்க் மெனு வழியாக அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கேபிளையும் விற்பவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டு வருடம் தினமும் பயன்படுத்தியது எப்படி இருந்தது? திரை 96-க்கு 64 புள்ளிதான், கருப்பு வெள்ளை, பின்னொளி கிடையாது. இந்தத் திரையால் வருகிற ஒரு தொல்லையை விரிவாகவே சொல்கிறேன், எங்கள் வகுப்பில் பாதிப்பேர் இதில் மதிப்பெண் விட்டார்கள். எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 3 என்பதை எக்ஸ் கழித்தல் 1-ஆல் வகுக்கும் சார்பை வரையச் சொல்லுங்கள். எக்ஸ் 1 ஆகிற இடத்தில் கீழிருந்து மேலாக ஒரு செங்குத்துக் கோடு விழும். அது வரைபடத்தின் பகுதி இல்லை, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இணைத்துக்கொண்டே போகிற இயந்திரம் இடையில் இருக்கும் இடைவெளியையும் தாண்டி இணைத்துவிடுகிறது. அதைத் தாளில் அப்படியே வரைந்தால் தவறு. அதே சார்புக்கு எக்ஸ் கூட்டல் 1 என்கிற சாய்ந்த அணுகுகோடும் (வரைபடம் நெருங்கிக்கொண்டே போகும் கோடு) உண்டு, அதை ஜிசி காட்டவே காட்டாது, நாம்தான் வகுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அணுகுகோடுகளை முதலில் கையால் கண்டுபிடித்துத் தாளில் புள்ளிக்கோடாகப் போட்டுவிடுவேன், அதன் பிறகுதான் ஜிசியைத் தொடுவேன், கால்க் மெனுவில் திரும்பும் புள்ளிகளைச் சரிபார்ப்பேன் (இதில் எக்ஸ் 3 ஆகும்போது 6, எக்ஸின் மதிப்பு -1 ஆகும்போது -2). தம்பிக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன்.

புள்ளியியலில்தான் இந்த இயந்திரத்தின் அருமை தெரியும். அட்டவணையைப் புரட்டாமலே விடை வந்துவிடும். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கேள்வித்தாளில் நார்மல் பரவலை 50, 16 என்று கொடுத்திருந்தால் அந்த 16 மாறுபாடு, ஜிசி கேட்பதோ சிக்மா, அங்கே அதன் வர்க்கமூலமான 4 போட வேண்டும். இன்னொன்று, விடைத்தாளில் ஜிசியின் கட்டளையை அப்படியே எழுதக்கூடாது. வழிமுறை காட்டச் சொன்னால் கணிதக் குறியீட்டில்தான் எழுத வேண்டும், பொத்தான் பெயர்கள் செல்லாது. எனக்கு முதல் பருவத் தேர்வில் இதனாலேயே மதிப்பெண் போனது.

தேர்வுக்கு முன்னால் நினைவகத்தை அழிக்கச் சொல்வார்கள்: செகண்ட், கூட்டல், 7, 1, 2. 'ரேம் கிளியர்டு' என்று வரும். அழித்த உடனே நம் அமைப்புகள் எல்லாம் போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோண அலகு ரேடியனுக்குத் திரும்பிவிடும். ஒட்டுறவுக் கெழு 'ஆர்' திரையில் வராது. கேட்டலாக் மெனுவில் 'டயக்னாஸ்டிக் ஆன்' என்பதை மறுபடி தேர்ந்தெடுத்தால் வரும். தேர்வு அறையில் ரிக்ரெஷன் போட்டுவிட்டு ஆர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்த தோழியை எனக்குத் தெரியும். வீட்டிலேயே நாலைந்து முறை ரீசெட் செய்து, எல்லாவற்றையும் மறுபடி அமைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

2018 இறுதியில் தேர்வு முடிந்ததும் நான்கு பேட்டரியையும் கழற்றிவிட்டு அலமாரியில் வைத்தேன், 45 வெள்ளி கற்றுக்கொடுத்த பாடம். 2022-இல் தம்பி புது பேட்டரி போட்டுவிட்டு, "அக்கா, இது செத்துப்போச்சு, திரையில ஒண்ணுமே தெரியல" என்றான். செகண்ட் பொத்தானும் மேல் அம்பும்தான் அழுத்தினேன், எழுத்து மெல்லத் தெரிய ஆரம்பித்தது. காண்ட்ராஸ்ட் குறைவாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். 'வேலை செய்யவில்லை' என்று மிகக் குறைந்த விலைக்கு வரும் சில ஜிசிகளும் இப்படி இருக்கலாம். ரேமில் இருந்த என் பழைய தரவுகள் போயிருந்தன, ஆனால் செயலிகள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பாலிஸ்மல்ட் அப்படியே இருந்தது. உள்ளே தனியாக ஒரு சிறிய திருகு போட்ட மூடிக்குக் கீழே ஒரு பொத்தான் பேட்டரி உண்டு, டிரிபிள் ஏ மாற்றும்போது ரேமைக் காப்பாற்றுவது அதுதான். அதையும் அன்றே மாற்றினோம்.

தம்பியின் நண்பர்கள் பலரிடம் வண்ணத் திரை உள்ள டிஐ-84 பிளஸ் சிஇ இருந்தது. அழகாக இருக்கிறது, மெல்லியது, மூன்று வரைபடங்களை ஒன்றாகப் போட்டாலும் எது எது என்று நிறத்திலேயே தெரிகிறது. எங்களுடையதில் ஒன்றைத் தடித்த கோடாகவும் ஒன்றைப் புள்ளிகளாகவும் மாற்றித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் சிஇ-இல் இருப்பது சார்ஜ் செய்யும் பேட்டரி. பழையதாக வாங்கினால் அது எத்தனை நாள் தாங்குகிறது என்பதைப் பத்து நிமிடத்தில் பார்க்க முடியாது. எங்களுடையதில் தேர்வு அன்று பையில் நான்கு டிரிபிள் ஏ கூடுதலாக இருந்தால் போதும். காசு இருந்தால் சிஇ வாங்குங்கள், தவறே இல்லை. இல்லையென்றால் கருப்பு வெள்ளையில் படித்து நல்ல மதிப்பெண் எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எங்கள் வீட்டில் இரண்டு பேர் எடுத்திருக்கிறோம்.

கேசியோவின் ஜிசிகளும் அனுமதிக்கப்பட்டவைதான், ஆனால் எங்கள் விரிவுரைக் குறிப்புகளில் ஒவ்வொரு படியும் டிஐ பொத்தான்களை வைத்தே இருந்தது, அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. உங்கள் கல்லூரிக் குறிப்புகளில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போன வருடம் சித்தி மகளுக்கு ஜிசி தேடியபோது ஒருவர் டிஐ-89 ஒன்றை ரொம்ப மலிவாகத் தருவதாகச் சொன்னார், சித்தியும் கிட்டத்தட்ட வாங்கிவிட்டார். அது இயற்கணிதத்தையே செய்து கொடுக்கும் வகை. அந்த வசதி உள்ள எதையும் மேல்நிலைத் தேர்வுக்குக் கொண்டுபோக முடியாது. தேர்வு மதிப்பீட்டுக் கழகம் அனுமதித்த மாடல்களின் பட்டியலை இணையத்தில் போடுகிறது, விற்பவரைச் சந்திக்கக் கிளம்புவதற்கு முன்னாலேயே மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து அதில் ஒப்பிட்டுப் பாருங்கள். சித்தியிடம் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தம்பியின் மேசையிலிருந்த எங்கள் ஜிசியை எடுத்துக் கொடுத்தோம், புது பேட்டரி நான்கோடு.