மாட்டுச் சீரத்திற்கு மாற்றாகப் பிளேட்லெட் லைசேட்: ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

வேலூரில் புண் ஆறும் விதத்தை ஆராயும் எங்கள் சிறிய ஆய்வகத்தில், தோலின் இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்க்க எஃப்.பி.எஸ். எனப்படும் கன்றுக்கருச் சீரத்தை விட்டுவிட்டு, மனித இரத்தத் தட்டணுக்களை உடைத்து எடுக்கும் சாறான பிளேட்லெட் லைசேட்டைப் பயன்படுத்தி வருகிறோம். சினைப்பசுவை அறுக்கும்போது வயிற்றிலுள்ள கருவின் இரத்தத்தை எடுத்துத் தயாரிப்பது அந்தச் சீரம் என்பது ஒரு காரணம். லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறினால் செல்களின் வளர்ச்சியும் மாறிவிடுவதால், பழைய முடிவுகளைப் புதியவற்றோடு ஒப்பிட முடியாமல் திண்டாடியது மற்றொரு காரணம். உண்மையைச் சொன்னால், எங்களை மாறவைத்தது இரண்டாவதுதான்.

இரத்த வங்கியில் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் அசைத்துக்கொண்டே வைத்திருக்கும் பிளேட்லெட் பைகளை வழக்கமாக ஐந்து நாள்களுக்குமேல் நோயாளிக்கு ஏற்றுவதில்லை. அப்படிக் காலாவதியாகும் பைகளை உறையவைத்து உருக்கினால் பிளேட்லெட்டுகள் உடைந்து, அவற்றினுள் இருக்கும் வளர்ச்சிக் காரணிகள் வெளிவருகின்றன. கொட்டவேண்டிய பொருள் பயன்படுவதோடு, பல கொடையாளர்களின் பைகளைக் கலந்து தயாரிப்பதால் லாட்டுக்கு லாட் வேறுபாடும் குறைகிறது. செல்கள் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தில் பத்து சதவீதம் சீரம் சேர்த்த இடத்தில் ஐந்து சதவீத லைசேட்டே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. செல்கள் மெலிந்து நீண்டு, இருமுனையும் கூரான கதிர் வடிவில் நெருக்கமாக வளர்கின்றன. செல்களைப் பிரித்தெடுக்கும் நொதியான டிரிப்சினை ஊற்றினால் முன்பைவிட விரைவில் குடுவையை விட்டுப் பிரிகின்றன என்பதால், பழைய நேரக் கணக்கை நம்பி வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது.

குறைகளும் உண்டு. லைசேட்டில் இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இருப்பதால், மீடியத்தில் முதலில் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினைக் கலந்துவிட்டு, அதன் பிறகே லைசேட்டை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் 37 டிகிரி இன்குபேட்டரில் மீடியம் ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சியைப்போல் கெட்டியாகி, பிப்பெட் நுனியை அடைத்துக்கொள்ளும். அந்த ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது; வழக்கமான டிரிப்சினும் பன்றிக் கணையத்திலிருந்து வருவதே. ஆகவே விலங்குப் பொருளே கூடாது என்று நினைப்பவர்கள் ஃபைப்ரினோஜன் நீக்கிய லைசேட்டையும், மரபணு மாற்ற முறையில் தயாரித்த பிரிப்பு நொதியையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டினோசைட் செல்களுக்கென 'சீரம் இல்லாதது' என்று விற்கப்படும் மீடியம் சிலவற்றில் மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு இருக்கிறது. லேபிளின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

எங்கள் மனக்குறை பொருளைவிட அது வந்துசேரும் விதத்தில்தான். சென்னையிலிருந்து ஒரு விற்பனையாளர் மே மாதத்தில் அனுப்பிய பெட்டியில் உலர் பனிக்கட்டி முழுவதும் ஆவியாகி, பாட்டில்கள் பாதி உருகிய நிலையில் இருந்தன. மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் பலமுறை கேட்ட பிறகே. வேலூர் வெயிலில் இதைக் கோடைக்கு முன்பே வாங்கி, சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்துவிடுவது நல்லது. மீண்டும் மீண்டும் உருக்கினால் தரம் கெடும். உருக்கியபின் செதில்கள் தெரிந்தால் சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். நேரடியாக வடிகட்டப் போனால் ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது.

செல் படலத்தில் கீறலிட்டு அது மூடுவதை அளக்கும் கீறல் சோதனை செய்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். லைசேட்டிலுள்ள பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குப் பூசும் ஜெல்லாக 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அதே வகைப் புரதம். நாம் சோதிக்க விரும்பும் மூலிகைச் சாறு எதையும் செய்யாவிட்டாலும் லைசேட்டே கீறலை மூடிவிடும். எனவே செல்களை லைசேட்டில் வளர்த்து, கீறுவதற்கு முன் லைசேட் இல்லாத மீடியத்துக்கு மாற்றி, சாறு சேர்க்காத குடுவை ஒன்றையும் உடன் வைத்தே நாங்கள் அளக்கிறோம்.