கனகபுரா ரோட்டுப் பக்கம் மரக்கன்று வாங்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் கனகபுரா ரோட்டில் இருக்கும் ஒரு நர்சரி, பெயர் வேண்டாம். புங்கை, நாவல், மகிழம் எல்லாம் கிடைக்கிறது, விலையும் பரவாயில்லை. ஆனால் முதலில் காட்டுவது நாலடிக் கன்றுகளைத்தான். நெருக்கி அடுக்கியிருப்பதால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெட்டையாக வளர்ந்து, குச்சியில் கட்டியதை அவிழ்த்தால் அப்படியே சாய்கிற ரகம். உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், தண்டின் அடியைப் பாருங்கள். உயரத்தை சென்டிமீட்டரிலும் மண்மட்டத்துத் தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் அளந்து, உயரத்தை விட்டத்தால் வகுத்தால், விடை பொதுவாக 6-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வருவது உறுதியான கன்று. அங்கே ஒன்றை அளந்தேன்: 120-க்கு 8, அதாவது 15!

அப்புறம் வேர். பாலித்தீன் பையில் ரொம்ப நாள் கிடந்த கன்றின் வேர் அடியில் சுருண்டு சுற்றத் தொடங்கிவிடும், நட்ட பிறகும் அந்தச் சுருள் தானாக நேராகாது, சில வருடம் கழித்துக் காற்றுமழையில் மரம் சாய்ந்தால் நாம் மாநகராட்சியைத் திட்டிக்கொண்டிருப்போம். ஒரு பையைக் கிழித்துக் காட்டச் சொன்னதற்கே முகம் சுளித்தார்கள்.

பின்பக்கம் ரூட் ட்ரெய்னர் குழல்களில் இருக்கும் சின்னக் கன்றுகள் மட்டும் அருமை. உள்சுவரில் நெடுக்காக மேடான வரிகள் இருப்பதால் வேர் சுற்றாமல் இறங்குகிறது, அடித்துளையில் காற்றுப்பட்டு நுனி காய்ந்ததும் பக்கவேர்கள் கிளைக்கின்றன. கேட்டால்தான் காட்டுவார்கள், தமிழிலேயே கேட்கலாம். முழங்கால் உயர நாவலைத் தாராளமாக வாங்குங்கள். டெலிவரி மட்டும் சொல்லாதீர்கள், திறந்த வண்டியில் பாதி இலை வழியிலேயே போய்விடும்.