டேட்டா ஷீட்டா, மில் டெஸ்ட் சர்டிபிகேட்டா?

சென்னையில் வீடு கட்டுவோர் கம்பி வாங்குமுன் கேட்டுப் பெற வேண்டிய தாள்கள் இரண்டு. தயாரிப்பாளரின் டேட்டா ஷீட், ஒரு ரகம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது: ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தரநிலைப்படி எஃப்இ 500 ரகக் கம்பிக்கு நீட்சி (இழுக்கும்போது அறுபடுமுன் நீளும் அளவு) குறைந்தது 12 விழுக்காடு, எஃப்இ 500டி என்றால் 16. ரகத்தைத் தேர்ந்தெடுக்க அது போதும். வந்திறங்கிய சரக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது தாளான, ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில், குறிப்பிட்ட ஒரு வார்ப்பிலிருந்து உருவான கம்பியைச் சோதித்தபோது கிடைத்த இழுவலிமை, நீட்சி, கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் அளவுகள், அந்த வார்ப்பைக் குறிக்கும் ஹீட் எண்ணோடு பதிவாகியிருக்கும். அந்த எண், லாரியிலிருந்து இறங்கும் கம்பிக்கட்டின் மேல் தொங்கும் அட்டையிலுள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால், கடைக்காரர் நீட்டும் நகல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் உங்கள் கம்பிக்குச் சான்றாகாது. எனவே கம்பிக்கு நான் நம்புவது இதைத்தான். பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது, பிறகு கேட்டால் "நாளைக்கு அனுப்புறேன் சார்" என்பதுதான் பதில்.

மொட்டைமாடிக்கான நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, டைல்ஸ் ஒட்டும் பசை ஆகியவற்றுக்கு மட்டும் டேட்டா ஷீட்டே முந்துகிறது. கலவை விகிதம், ஒரு கிலோ பூசும் பரப்பு, உலரும் நேரம் எல்லாம் அதில்தான் உள்ளன. எந்தப் பொருளானாலும், ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதோடுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.