வீடா, வட்டியா, இல்லமா? படுத்துவிட்ட பெரியவரைப் பார்க்கப் பணம் எங்கிருந்து வரும்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் படுக்கையில் விழுந்துவிட்டால், "இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. பாலிசியின் பின்பக்கங்களில் 05 என்று எண்ணிட்ட விலக்கைத் தேடிப் படியுங்கள். குளிப்பாட்ட, உடுத்திவிட, நடக்கவைக்க ஆகும் செலவை, வீட்டில் செய்தாலும் இல்லத்தில் செய்தாலும், தரமாட்டோம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கும். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டையும், ஆண்டுக்கு 5 லட்சம் வரை, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். ஜப்பானில் 40 வயதைத் தொட்டவர்கள் இந்தப் பராமரிப்புக்கென்றே தனிச் சந்தா கட்டுகிறார்கள், 2000-லிருந்து. ஜெர்மனியில் இது 1995-லேயே வந்துவிட்டது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லாததால், கையில் இருக்கும் வீட்டையும் சேமிப்பையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நம் ஊரில் அதிகம் நடப்பது, வீட்டைப் பிள்ளை பேரில் எழுதிக் கொடுப்பது. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணமும் குறைவு, பிள்ளையும் வற்புறுத்துவான். எனக்கு இதில் சம்மதம் இல்லை. பதிந்த செட்டில்மெண்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். கடலூரில் அது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையில் நடக்கும். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. எந்தத் தீர்ப்பு நமக்குப் பொருந்தும் என்று எண்பது வயதில் ஆபீஸ் படியேறிப் பார்ப்பதா? பத்திரம் எழுதுபவர் "அன்பு, பாசம் காரணமாக" என்ற வழக்கமான வரியோடு முடித்துவிடுவார். எழுதியே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற வரியையும், உங்கள் ஆயுள்வரை அனுபவ உரிமை உங்களுக்கே என்ற வரியையும் போடச் சொல்லுங்கள். அதைவிட உயில் மேல். மனம் மாறினால் மாற்றி எழுதலாம்.

அடுத்தது, பணத்தைப் போட்டு வட்டியில் ஆள் வைப்பது. தபால் ஆபீசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500. ஆளுக்கு ஒரு நாளுக்கு 700 என்று பேசினதாக வைத்துக்கொள்வோம், மாதம் 21,000. முழு வட்டியும் ஒரே ஒரு ஆளின் சம்பளத்துக்குப் போதவில்லை! டயாபர், ஏர் பெட், மாத்திரை எல்லாம் தனி. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், ராத்திரியிலும். பகலில் வரும் ஆள் சாயங்காலம் கிளம்பிவிட்டால் அந்த வேலை மகளுக்கோ மருமகளுக்கோ வருகிறது. அதற்கு யாரும் கூலி போடுவதில்லை. ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தால், பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனால் மாற்றாள் வருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு இருந்தும், பணம் இருப்பவர்களுக்கு இதுதான் என் முதல் தேர்வு. அசல் அப்படியே இருக்கும், வீடும் கைவிட்டுப் போகாது.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் காகிதத்தில் அழகு. 60 வயதானவர் சொந்த வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் வாங்கலாம், கணவனும் மனைவியும் கடைசிவரை அங்கேயே இருக்கலாம், பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். ஆனால் பூர்வீகச் சொத்து, பங்காளி வில்லங்கம் என்றால் ஆகாது. பிள்ளைகள் வெளிநாட்டில் செட்டிலாகி, இந்த வீடு வேண்டாம் என்றிருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

முதியோர் இல்லத்தில் மாதக் கட்டணத்தைவிட டெபாசிட்டைப் பாருங்கள்: திரும்ப வருமா, எவ்வளவு பிடிப்பார்கள்? தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும் இல்லங்கள் உண்டு. படுத்துவிட்டால் வைத்திருப்பீர்களா, கூடுதலாக எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் டெபாசிட் கட்ட வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ஊரும் கணக்கில் வரும். முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் சரக்கு விலை மட்டும் மாறுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் தமிழ்நாட்டுத் திட்டம். பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் கடலூரில் வீடு தேடி வரும், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கன்னியக்கோயிலுக்கு வராது. ஆதரவற்றவர்களுக்கான 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையும் தமிழ்நாட்டுக் கணக்கு. புதுச்சேரிக்குத் தனித் தொகை, தனி விதி. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் அம்மாவைப் புதுச்சேரி லாஸ்பேட்டை மகன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் முன், ரேஷன் கார்டை அவசரப்பட்டு மாற்றாமல் இரண்டு பக்கமும் விசாரித்துவிடுங்கள்.