கல்லோயா போட் சஃபாரி: கிழக்கு மாகாண ஆக்கள் கட்டாயம் போகணும்

யாலைக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் வான் பிடிச்சு இரவிரவா ஓடுற நம்மட ஆக்களுக்கு எண்டே இத எழுதுறன். அம்பாறை டவுன் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான் இங்கினியாகலை, அங்க போட் ஏறினா கல்லோயா தேசிய பூங்காவுக்குள்ளயே கொண்டு போறாங்க. ஜீப்பில தூசு குடிச்சுக்கொண்டு போற சஃபாரி இல்ல இது, முழுக்கத் தண்ணியிலதான்.

மட்டக்களப்பில இருந்து வெள்ளன வெளிக்கிட்டம், கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை எண்டு வழி முழுக்க வயல் வட்டைதான். அந்த வட்டைக்குத் தண்ணி குடுக்கிறதே நாங்க போன சேனநாயக்க சமுத்திரம்தான், நாட்டிலயே பெரிய குளம், நம்மட ஆக்கள் பட்டிப்பளை ஆறு எண்டு சொல்ற கல்லோயாவ மறிச்சு 1949ல வேலை தொடங்கிக் கட்டினது. அந்தக் குளத்துக்குத் தண்ணி சேருற காட்டக் காப்பாத்தத்தான் 1954ல இதப் பூங்காவா ஆக்கினாங்க, 25,900 ஹெக்டயர் காடு. எங்கட மாமா காலம் பூரா இந்தத் தண்ணியில வேளாண்மை செய்றவர், குளத்த ஒருநாளும் கண்டதில்ல. போட்டில இருந்து கையால அள்ளிப் பாத்திட்டு "இவ்வளவும் நம்மட வாய்க்காலுக்கு வாற தண்ணியா மருமகன்" எண்டு கேட்டார், மறுகா கன நேரம் கதைக்கவே இல்ல.

அணைக்கட்ட விட்டுக் கொஞ்சம் உள்ள போனதும் நாலு பக்கமும் மலைதான், கறுத்தப் பாறை, அடியில காடு, தண்ணிக்குள்ள பட்ட மரங்கள் அப்படியே நிக்குது, மரத்துக்கு மரம் நீர்க்காகம். நடுவில பறவைத் தீவு ஒண்டும் இருக்கு. ஆனா போறது ஆனைக்குத்தான். இஞ்ச ஆனை தீவுக்குத் தீவு நீந்திப் போகும், உடம்பு முழுக்கத் தண்ணிக்குள்ள, தும்பிக்கை மட்டும் குழாய் மாதிரி மேல நிக்கும், நாங்க கண்டது ஒரு தாயும் குட்டியும், குட்டி தாய்ட பக்கத்த விடாமலே நீந்திச்சு. போட்டோட்டி தம்பி தூரத்திலயே எஞ்சின நிப்பாட்டிட்டார், கிட்டப் போகச் சொல்லிக் கேட்டம், அதுகள் பயந்தா நடுத்தண்ணியில களைச்சுப் போகும் எண்டு மறுத்திட்டார். அந்த ஒரு விஷயத்துக்கே நான் முழு மார்க் போடுவன்.

போறெண்டா மார்ச்சில இருந்து ஜூலைக்குள்ள போங்க, தண்ணி இறங்க இறங்க கரையில புல்லு வரும், ஆனையும் வரும். விடிய இல்லாட்டி பின்னேரம்தான் சரி, மத்தியான வெயில் போட்டில தாங்காது. ஆக்கள் சேர்ந்து போனா போட் காசப் பிரிச்சுக் கட்டலாம். லைஃப் ஜாக்கெட்டக் கழட்டாதீங்க, சின்னப் பிள்ளையளக் கொண்டு போனா தொப்பியும் தண்ணியும் கூடவே எடுங்க. நீலகலப் பக்கம் கடுக்காய், தான்றி, நெல்லி எண்டு மருந்து மரக்காடு இருக்கு, அது பூங்காட மற்றப் பக்கம், அதுக்கு வேற ஒரு நாள் வேணும்.