நகரும் மணல்மேட்டை நிறுத்த: வேலியா, வைக்கோல் கட்டமா?

சீனாவில் தெங்கர் பாலைவனத்தின் ஓரம், சாபோதோ. 1958-இல் திறந்த பாவோதோ–லான்சோ ரயில் பாதை அங்கே மணல்மேடுகளின் நடுவே போகிறது. அதைக் காக்க இரண்டு வழிகளையும் கையாண்டார்கள்.

முதலில் வேலி. காற்று வரும் பக்கம் முன்வரிசையில் நிற்கும். குச்சிகளை நெருக்கமாக அடைக்கக் கூடாது. ஏறக்குறைய பாதி இடைவெளி வேண்டும். முழுச் சுவரில் மோதும் காற்று சுழன்று அடிமணலைப் பறிக்கும். இடைவெளிக்குள் நுழையும் காற்றோ வேகம் தளர்ந்து, சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடும். சரி, குறை என்ன? மணல் சேரச் சேர வேலி புதைந்து, அதுவே புது மேடாகிவிடும். அப்புறம் அதன்மேல் இன்னொரு வேலி.

வைக்கோல் கட்டம் வேறு மாதிரி. கோதுமை வைக்கோலை மணலில் பரப்பி, நடுவில் மண்வெட்டியால் அழுத்துவார்கள். இரண்டு முனையும் நிமிர்ந்து நிற்கும், ஒரு சாண் உயரம்கூட இருக்காது. இப்படி 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரங்கள், சரிவு முழுக்க. வேலி ஓடி வரும் மணலைப் பிடிக்கிறது. கட்டமோ மணலைக் கிளம்பவே விடுவதில்லை. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் மணல் சட்டி போலக் குழிந்து அப்படியே அடங்கிவிடும். வைக்கோல் சில ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் நட்ட புதர்கள் வேர்பிடிக்க வேண்டும். நாளடைவில் பாசி படர்ந்து மணலின் மேல் மெல்லிய பொருக்குக் கட்டும். அந்தப் பொருக்குதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: மணல் மண்ணாகத் தொடங்குவது அங்கேதான்.

என் ஓட்டு கட்டத்துக்கே. ஆனால் முன்னால் வேலி இல்லாவிட்டால், புதிதாக வரும் மணல் அதை மூடிவிடும்.